காலி பாட்டிலும் கள்ள மூடியும்: வாசகர் கேள்விகள்

பாட்டில் மூடி, சீல், போலி நிரப்பல் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: மரச்செக்கு நல்லெண்ணெயை ஒரு லிட்டர் பெட் பாட்டிலில் விற்கிறோம். எங்கள் காலி பாட்டில்களை ஓட்டல்களிலும் காயலான் கடைகளிலும் வாங்கி, மலிவு எண்ணெயை ஊற்றி எங்கள் பெயரிலேயே விற்கிறார்கள். எந்த மூடி போட்டால் இது நிற்கும்?
– செக்கு எண்ணெய் உற்பத்தியாளர், காங்கேயம்

பதில்: மூடியைத் தேடுவதற்கு முன் திருட்டு எந்த வகை என்று பாருங்கள். காலியான உங்கள் பாட்டிலிலேயே நிரப்பி விற்பது ஒரு வகை. பாட்டில், லேபிள், மூடி எல்லாவற்றையும் புதிதாகச் செய்து போலி விடுவது இன்னொரு வகை. நிறைந்த பாட்டிலை வழியில் திறந்து, கொஞ்சம் எடுத்துக்கொண்டு கலப்படம் செய்து மூடுவது மூன்றாவது. மூன்றாவதற்கு, திறந்ததும் மூடியின் அடியில் உடையும் வளையம் போதும். இரண்டாவதை எந்த மூடியும் தனியாக நின்று தடுக்காது. உங்களுடையது முதல் வகை. அங்கே வளையம் ஏறக்குறைய வீண்: கழுத்தில் தங்கிய பழைய வளையத்தைப் பிளேடால் அறுத்து எறிந்துவிட்டுப் புது மூடி போட அரை நிமிடம் ஆகாது. உங்கள் பாட்டிலின் கழுத்து எல்லோரும் வாங்கும் பொது அளவு என்றால், அந்த மூடியும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும்.

நீங்கள் போட வேண்டியது கழுத்துக்குள் அழுத்தி உட்காரவைக்கும் உள்மூடி. புல்-ரிங் பிளக் என்று கேளுங்கள். வாங்கியவர் வளையத்தில் விரலை மாட்டி இழுத்தால் நடுச்சவ்வு கிழிந்து ஊற்றுவாய் திறக்கும். கிழிந்ததை ஒட்டவைக்க முடியாது. சவ்வைச் சுற்றிய கிழிகோட்டின் தடிமன்தான் இதில் எல்லாம். எல்.டி.பி.இ. எனும் வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக்கில் 0.2 மி.மீ.யை ஒட்டித் தொடங்கிச் சோதனை போடுங்கள். தடித்தால் சவ்வு கிழியாமல் வளையம் மட்டும் அறுந்து கையோடு வரும். வாடிக்கையாளர் கத்தியால் குத்துவார். மெலிந்தால் லாரியில் அடுக்கிய பெட்டியின் கனத்திலேயே கசியும்.

நிரப்புகிறவன் அடுத்து என்ன செய்வான்? உள்மூடியை முழுதாக நெம்பி எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகப் பார்ப்பான். அதனால் அதன் விளிம்பு பாட்டில் வாயைத் தாண்டி வெளியே நீளக்கூடாது. ஸ்குரூடிரைவர் நுழைய இடம் வைக்காமல் வாயின் வெளிவிட்டத்தோடு சமமாக முடியட்டும். விளிம்பை மெல்லியதாக வைத்தால் நெம்பும்போது அதுவே கிழிந்துபோகும். வெளிமூடியின் மேல் உங்கள் சின்னம் புடைப்பாக வரட்டும். அதற்குப் புது மோல்டு தேவையில்லை. மூடி செய்பவரிடம் ஏற்கெனவே உள்ள மோல்டில் நடுத்துண்டை மட்டும் மாற்றி வெட்டித்தரச் சொல்லலாம். வேறு நிற மூடி மட்டும் போட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். நிறம் யாருக்கும் கிடைக்கும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. எண்ணெய் ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் சுமார் 0.07 சதவீதம் விரியும். காலை 25 டிகிரியில் நிரப்பிய ஒரு லிட்டர், வெயிலில் நிற்கும் வேனில் 45 டிகிரியானால் ஏறக்குறைய 14 மி.லி. கூடியிருக்கும். மேலே காற்றிடம் போதாவிட்டால் உள்மூடி மேலெழும்பிக் கசியும். நல்ல சரக்கையே கடைக்காரர் ‘திறந்த மால்’ என்று திருப்பி அனுப்புவார்.

கேள்வி: விலை உயர்ந்த மது பாட்டில்களின் வாயில் ஒரு பிளாஸ்டிக் அமைப்பும் உள்ளே உருளும் குண்டும் இருக்கின்றன. ஊற்ற முடிகிறது, திரும்ப நிரப்ப முடிவதில்லை. இது எப்படி வேலை செய்கிறது? இப்படி ஒன்றை வடிவமைக்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?
– இயந்திரவியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கோலி சோடா பாட்டிலை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் குழம்பிப்போவீர்கள். 1872இல் இங்கிலாந்தின் ஹைரம் காட் காப்புரிமை பெற்ற அந்த பாட்டிலில், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் கோலியை மேலே தள்ளி வாயை அடைக்கிறது. திரும்பத் திரும்ப நிரப்புவதற்கென்றே பிறந்த பாட்டில் அது. நீங்கள் கேட்பதில் குண்டு மேலிருந்து கீழே அழுத்துகிறது; வேலையும் நேர் எதிர். இத்தாலியின் குவாலா நிறுவனம் இவ்வகை மூடிகளில் பேர்போனது என்பதால், இந்தத் தொழிலில் பலர் எந்த நிறுவனத்தின் மூடியையும் ‘குவாலா’ என்றே சொல்வதுண்டு.

பாகங்கள் பொதுவாக ஐந்து. கழுத்துக்குள் துடுப்புகளால் கவ்வி நிற்கும் ஊற்றுவாய் உடல், அதன் இருக்கையில் உட்காரும் வால்வுத் தட்டு, தட்டின் மேல் ஒரு குண்டு, கம்பி நுழையாதபடி மேலே ஒரு கூண்டு, எல்லாவற்றையும் மூடும் உடைவளைய வெளிமூடி. வால்வு வெளிப்பக்கம் மட்டுமே திறக்கும். பாட்டில் நிமிர்ந்திருக்கையில் குண்டின் எடை தட்டை இருக்கையோடு அழுத்துகிறது. சாய்த்துக் கிடைமட்டத்தைத் தாண்டியதும் குண்டு வாய்ப்பக்கம் உருண்டுவிடும். தட்டு தளரும், திரவம் வெளியே வரும். நிமிர்ந்த பாட்டிலில் மேலிருந்து ஊற்றினால் ஊற்றும் திரவமே தட்டை இன்னும் இறுக்கும்.

குண்டு எதற்கு, தட்டு மட்டும் போதாதா என்று கேட்கலாம். இங்கேதான் அடர்த்தி விளையாடுகிறது. இந்தியாவில் தயாராகும் விஸ்கி, பிராந்தி பெரும்பாலும் 42.8 சதவீத ஆல்கஹால். அதன் அடர்த்தி தண்ணீரில் சுமார் 0.945 பங்கு. தட்டு எல்.டி.பி.இ. என்றால் 0.92, அதைவிடக் கெட்டியான எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் என்றாலும் 0.95தான். ஆக, மேலே ஊற்றிய திரவம் சிறிது கசிந்து இருபக்கமும் அழுத்தம் சமமானதும் தட்டு மிதக்கத் தொடங்கும், அல்லது எடையற்றதுபோல் அலையும். இருக்கை திறந்துவிடும். கண்ணாடிக் குண்டின் அடர்த்தி 2.5. அது மேலே உட்கார்ந்தால் மிதப்பு நடக்காது. குண்டைப் பிளாஸ்டிக்காக்கிச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கோணம். பாட்டிலைக் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே, வாய் இன்னும் லேசாக மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, தட்டித் தட்டி ஊற்றுவதுதான் நிரப்புகிறவர்களின் முதல் தந்திரம். நிமிர்ந்த நிலையை 0, கிடைமட்டத்தை 90 டிகிரி என்று வையுங்கள். வால்வு 80 டிகிரியிலேயே தளர்ந்தால் 80க்கும் 90க்கும் இடையில் அவனுக்கு ஒரு சன்னல் கிடைத்துவிடுகிறது. தளரும் கோணம் 90ஐத் தாண்டியிருக்க வேண்டும். அதற்காக 130க்குத் தள்ளிவிட்டால் ஊற்றுகிறவர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டிவரும். நிறைந்த பாட்டிலில் உள்ளிருக்கும் திரவமே தட்டை வெளியே தள்ளுவதால் வால்வு முன்னதாகத் திறக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். நிறைந்தது, பாதி, கால் என மூன்று நிலைகளிலும் கோணத்தை அளக்க வேண்டும்.

பலவீனம் காற்று வழியில் இருக்கிறது. திரவம் வெளியே வர, அதே அளவு காற்று உள்ளே போயாக வேண்டும். இல்லாவிட்டால் ‘குளுக் குளுக்’ என்று விட்டுவிட்டு ஊற்றும். சீராக ஊற்றத் தனிக் காற்றுத்துளை வைக்கலாம். ஆனால் காற்று உள்ளே போகும் வழியில் ஊசியும் போகும். துளையை நேராக விடாமல் இரண்டு மூன்று இடத்தில் மடக்கி எடுத்துச் செல்லுங்கள். ஊற்றும் வேகம் கொஞ்சம் குறைவதை ஏற்றுக்கொள்வதே நல்லது என்பது எங்கள் கருத்து.

சோதனைகளை நிரப்புகிறவன் மூளையோடு செய்யுங்கள். வாய்க்குள் சிரிஞ்சும் மெல்லிய குழாயும் விட்டுப் பாருங்கள். வளைத்த கம்பியால் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊற்றுங்கள். பாட்டிலைத் தலைகீழாகத் திரவத்தில் அமிழ்த்தி, மூடிய அறைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். உள்ளிருக்கும் காற்று குமிழியிட்டு வெளியேறிய பின் வெற்றிடத்தை விடுவித்தால் வெளிக்காற்றின் அழுத்தம் திரவத்தை உள்ளே தள்ளப் பார்க்கும். அந்த நொடியில் தட்டு தானாக அறைந்து மூடினால் வடிவமைப்பு தேறியது. கழுத்தைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்து ஊற்றுவாயை இழுத்துப் பாருங்கள். எல்.டி.பி.இ. 80, 90 டிகிரியில் நன்றாக இளகிவிடும் என்பதால் முழுசாக வெளியே வந்து, ஆறியதும் திரும்ப உட்காரும். பல வடிவமைப்புகள் தோற்பது இந்த ஒரு சோதனையில்தான். துடுப்புகளைக் கடினமான பிளாஸ்டிக்கில் செய்வதும், கண்ணாடிக் கழுத்தின் வளையத்துக்குக் கீழே ஆழமாகக் கவ்வவிடுவதும் இதற்கு மருந்து. கண்ணாடிக் கழுத்தின் உள்விட்டம் பாட்டிலுக்குப் பாட்டில் அரை மி.மீ. வரை கூடக் குறைய இருக்கும். துடுப்பு அத்தனையையும் வளைந்து ஈடுகட்ட வேண்டும்.

சர்க்கரை உள்ள பானம், தேன், சிரப் எதற்கும் இந்த வால்வு வேண்டாம். உலர்ந்த சர்க்கரை தட்டை இருக்கையோடு ஒட்டிவிடும். பாட்டிலின் அடியில் துளையிட்டு நிரப்பி அடைப்பவனை மூடியால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு சின்ன வரலாறும் சொல்லிவிடலாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில், பேர்பெற்ற விஸ்கி பாட்டில்களில் மதுக்கடைக்காரர்கள் மட்டச் சரக்கை ஊற்றி விற்றதால் ‘நிரப்ப முடியாத பாட்டில்’ என்று காப்புரிமைகள் குவிந்தன. அவற்றில் பெரும்பாலானவை கடைக்கு வரவே இல்லை. அரசு வேறு வழியில் போனது. 1897இன் சட்டப்படி, அரசுக் கண்காணிப்பில் அடைத்த விஸ்கியின் தக்கைமேல் முத்திரைச் சீட்டு ஒட்டினார்கள். 1935 முதல் 1964 வரை, மறுவிற்பனையும் மறுபயன்பாடும் சட்டவிரோதம் என்ற வாசகத்தைக் கண்ணாடியிலேயே புடைப்பாக வார்த்தார்கள்.

கேள்வி: சித்த மருந்து சிரப்புக்கு 25 மி.மீ. அலுமினிய பில்ஃபர் புரூஃப் மூடி (திறந்தால் அடிவளையம் உடையும் மூடி) போடுகிறோம். சில பாட்டில்களில் திறக்கும்போது வளையம் உடையாமல் மூடியோடு சேர்ந்து சுற்றுகிறது. சிலவற்றில் பெட்டிக்குள்ளேயே வளையம் உடைந்து கிடக்கிறது. மூடி மட்டமா, மிஷின் கோளாறா?
– உற்பத்தி மேற்பார்வையாளர், நாகர்கோவில்

பதில்: இரண்டும் ஒரே லைனில் வருகிறதென்றால் முதலில் மூடியை இறுக்கும் மிஷின் தலைகளைச் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்து பாட்டில்களைத் தனியே எடுத்துத் திறந்து பாருங்கள். கோளாறு ஒரே தலையில் குவிந்தால் காரணம் அங்கே. எல்லாத் தலைகளிலும் பரவலாக இருந்தால் மூடி லாட்டையோ பாட்டிலையோ பாருங்கள்.

வளையம் உடையாமல் சுற்றினால், மூடியின் அடிவிளிம்பு கண்ணாடிக் கழுத்தின் புடைப்புக்குக் கீழே சரியாக மடங்கவில்லை என்று பொருள். அடிவிளிம்பை மடக்கும் உருளையின் உயரம் தப்பியிருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது கண்ணாடிப் புடைப்பே தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். வளையத்தையும் மூடியையும் இணைக்கும் பாலங்கள் தடித்திருந்தாலும் இப்படியே ஆகும். மூடி செய்பவரின் வெட்டுக்கத்தி மழுங்கினால் பாலம் தடிக்கும். சிரப்புக்கே உரிய ஒரு காரணமும் உண்டு: நிரப்பும் ஊசி சொட்டியதால் திருகில் சிரப் படிந்து, காய்ந்து, கோந்தாகியிருக்கலாம். வாயைத் துடைத்த பாட்டிலையும் துடைக்காததையும் மறுநாள் திறந்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

வளையம் முன்பே உடைந்தால் உருளை அளவுக்கு மீறி அழுத்துகிறது, அல்லது அதன் பேரிங் சிக்கி உருளாமல் உரசுகிறது. விரலால் சுற்றிப் பாருங்கள். வழவழவென்று சுற்றாத உருளை மூடியின் வண்ணப்பூச்சையும் கீறியிருக்கும். அந்தக் கீறலே சாட்சி. திறப்பு டார்க்கை, அதாவது மூடியைத் திருகித் திறக்கத் தேவைப்படும் விசையை, அடைத்த உடனே மட்டுமல்ல, 24 மணி நேரம் கழித்தும் அளந்து எழுதுங்கள். மூடிக்குள் மெத்தைபோல் இருக்கும் தட்டான வாட் அழுத்தத்தில் படிந்து, எண் இறங்கும்.

கேள்வி: விலை உயர்ந்த ஊசி மருந்துக் குப்பிகளில் போலியை மருந்துக் கடையிலோ வார்டிலோ கண்டுபிடிக்க முடியுமா?
– மருந்தாளுநர், மதுரை

பதில்: ஓரளவு முடியும். ஃபிளிப்-ஆஃப் சீலில் நிறப் பொத்தான், அடியிலுள்ள அலுமினியத்தோடு இணைந்தது. பொத்தானைத் தட்டினால் நடு அலுமினியமும் கிழிந்து வரும். அதைத் திரும்ப ஒட்ட வழியில்லை. ஆகவே போலிக்காரன் சீலை முழுக்கக் கழற்றி, புதுச் சீலை வாங்கிக் கைக்கருவியால் இறுக்குகிறான். 13, 20 மி.மீ. சீல்கள் பொது அளவு, வாங்குவது கடினமில்லை.

சீலை இரு விரலால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். சரியாக இறுக்கியது விரலுக்குச் சுற்றாது. அடிமடிப்பு சுற்றிலும் ஒரே அகலமாக இருக்கிறதா, சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கைக்கருவி ஒருபக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் மடக்கும். பொத்தானைத் திறந்ததும் ரப்பரில் ஏற்கெனவே ஊசித்துளை இருந்தால் அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை. பயன்படுத்தாமல், பேட்ச் எண்ணோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தகவல் கொடுங்கள்.

அதைவிட முக்கியமானது காலிக் குப்பி. 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் பிடித்த கும்பல், புற்றுநோய் மருந்துகளின் காலிக் குப்பிகளை வாங்கி வேறு மருந்தை நிரப்பி விற்றது. 2016இன் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி சாதாரண மருந்துக் குப்பிகள் நீல வகை. புற்றுநோய் மருந்துகள் போன்ற செல்நச்சு மருந்துகளின் குப்பிகள் மஞ்சள் வகை, அவை எரியூட்டலுக்குப் போக வேண்டும். வார்டில் தொட்டிக்குப் போகும் முன்பே லேபிளில் மார்க்கரால் குறுக்குக்கோடு போட்டு, விலை உயர்ந்தவற்றை எண்ணிப் பதிவு செய்யுங்கள். கொடுத்த குப்பியும் திரும்பிய குப்பியும் கணக்கில் ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: க்யூ.ஆர். கோடும் ஹாலோகிராமும் போட்டால் மூடிக்குச் செலவழிக்க வேண்டாம் என்கிறார் எங்கள் அச்சகத்தார். சரியா?
– பூச்சிமருந்து முகவர், தஞ்சாவூர்

பதில்: அச்சகத்தார் அப்படித்தான் சொல்வார். ஒரே க்யூ.ஆர். கோடை எல்லா பாட்டிலிலும் அச்சிட்டால் அது படம், அவ்வளவே. போலிக்காரனும் அதையே படமெடுத்து அச்சிடுவான், ஸ்கேன் செய்தால் உங்கள் இணையப் பக்கமே திறக்கும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் தனித்தனி எண் வேண்டும். அந்த எண் எத்தனை முறை, எந்த ஊரில் ஸ்கேன் ஆனது என்று பார்க்க ஓர் ஆளும் வேண்டும். இந்தியாவில் 2023 ஆகஸ்ட் 1 முதல் குறிப்பிட்ட 300 மருந்து பிராண்டுகளுக்கு க்யூ.ஆர். கோடோ பார்கோடோ கட்டாயம். அதில் தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். அவை பேட்ச் விவரங்கள். கையில் இருக்கும் பாட்டில் முன்பே திறக்கப்பட்டதா என்பதை அவற்றால் சொல்ல முடியாது.

உங்கள் பாட்டிலுக்கு க்யூ.ஆர். கோடு ஒட்டுவதானால் மூடிக்கும் கழுத்துக்கும் குறுக்கே, திறக்கும்போது கிழியும்படி ஒட்டுங்கள். உரித்தால் துண்டு துண்டாக நொறுங்கும் வினைல் தாளைக் கேளுங்கள். சாதாரண ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் சூடாக்கினால் அலுங்காமல் உரிந்துவரும். மூடிக்கு அடியில், பாட்டில் வாயில் சூட்டால் ஒட்டும் படலமான இண்டக்‌ஷன் சீலும் போடுங்கள். பாட்டிலின் பிளாஸ்டிக் எதுவோ அதற்கேற்ற ஒட்டுப்படலம் உள்ள வாட் வேண்டும், எச்.டி.பி.இ. பாட்டிலுக்கு பெட் வாட் போட்டால் ஒட்டினதுபோல் தெரிந்து, விரல் பட்டதும் உரியும். மூடி தளர்வாக இருந்தாலும், வாய் நனைந்திருந்தாலும் ஓரத்தில் இடைவெளி விழும். இண்டக்‌ஷன் சீலைப் போலிக்காரனும் போடலாம். கையடக்க மிஷின்கள் கடையில் இருக்கின்றன. அதனால் படலத்தின்மேல் உங்கள் பெயரை அச்சிட்டே வாங்குங்கள்.

கேள்வி: 20 லிட்டர் தண்ணீர் கேனில் சீல் இருந்தால் நம்பலாமா?
– இல்லத்தரசி, தாம்பரம்

பதில்: சீல் மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். இழுத்துக் கிழிக்கும் மூடியும் அதன்மேல் சுருங்கும் பிளாஸ்டிக் உறையும் பொதுவாக விற்பவை. வெப்பக் காற்று மிஷின் உள்ள எவரும் போடலாம். மூடியிலோ உறையிலோ உள்ள நிறுவனப் பெயர் கேனில் உள்ள பெயரோடு ஒத்திருக்கிறதா, நிரப்பிய தேதியும் பேட்ச் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெயர் வேறாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மாவட்டத்தில் மது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். நிரப்ப முடியாத மூடியும் வேண்டும், பாட்டிலும் திரும்ப வேண்டும் என்பது முரண் இல்லையா?
– வாசகர், ஊட்டி

பதில்: முரண்தான், ஆனால் ஒரு பக்கம் லாபமும் உண்டு. உயர் நீதிமன்றம் காட்டின் குப்பையை நினைத்துச் சொல்லியே 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் இதைத் தொடங்கியது. ஆனால் காலிக்குப் பத்து ரூபாய் விலை வைத்ததால், போலிக்காரன் அதற்குமேல் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எந்த வால்வும் செய்யாத வேலை இது.

முரண் வருவது கழுவும் ஆலையில். உள்ளே கவ்விய ஊற்றுவாயை இழுத்து எடுக்கும்போது கண்ணாடி வாயின் ஓரமும் கழுத்துப் புடைப்பும் சில்லுத் தெறிக்கும். அந்த பாட்டிலில் அடுத்த முறை போடும் மூடி, நாகர்கோவில் வாசகர் சொன்னதுபோல வளையம் உடையாமல் சுற்றும். திறந்த பாட்டிலும் திறக்காத பாட்டிலும் ஒன்றுபோல் ஆகிவிடும். கழுவிய பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பார்ப்பது அழுக்கைக் காட்டும், புடைப்பின் தேய்மானத்தைக் காட்டாது. புடைப்பின் விட்டத்துக்குச் சற்றுக் குறைவாகத் துளையிட்ட ஓர் எஃகு வளையத்தை வைத்துக்கொண்டு, கழுத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும். வளையம் புடைப்பைத் தாண்டி இறங்கினால் அந்த பாட்டில் உடைப்புக் கண்ணாடிக் குவியலுக்குப் போகட்டும்.